வழக்குக்கு எல்லை வகுப்பது யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சங்க அலுவலகத்தில் சந்தாக் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தோம். இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு நீளக் கவரும் வைத்துக்கொண்டு ஒரு சகோதரி வாசலில் வந்து நின்றார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிறவர். "அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். பேச்சு அப்பழுக்கில்லாத நெல்லைத் தமிழ். கவரைப் பிரித்தால் உள்ளே இருந்த காகிதமும் தமிழ்தான்! அவர் படித்தது மாநகராட்சியின் இந்திப் பள்ளியில். தமிழ் பேச வரும், படிக்க வராது. தமிழில் வந்த சம்மனைப் படித்துக் காட்டச் சொல்லி ஒரு தமிழ்ப் பெண் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தார் என்றால், நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா?

படித்துச் சொன்னோம். கணவர் மணவிலக்குக் கேட்டு வழக்குத் தொடுத்திருக்கிறார். வழக்கு நடப்பது தென்கோடி மாவட்டத்தில் ஒரு நீதிமன்றத்தில். இருவரும் எட்டு ஆண்டுகள் குடும்பம் நடத்தியது தாராவியில் ஒரு பத்தடி அறையில். இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவை. "அந்த ஊர்ல நான் கல்யாணத்துக்குப் போன அஞ்சு நாள்தான் இருந்தேன். அங்க எதுக்கு என்னைக் கூப்புடுறாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்திடம் அதற்குப் பதில் இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மண வழக்கை எந்த ஊரில் தொடுக்கலாம் என்று வரிசை சொல்கிறது. திருமணம் நடந்த இடம், எதிர்தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். இந்த மூன்றில் எது வசதியோ அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, வழக்கைத் தொடுப்பவருக்கு. 2003இல் ஒரு திருத்தம் வந்தது: மனைவி வழக்குத் தொடுப்பவரானால் தான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். நல்ல திருத்தம்தான். ஆனால் கணவன் முந்திக்கொண்டால்? அப்போது பழைய வரிசைதான். தாலி கட்டிய இடமே வழக்கு நடக்கும் இடமாகிவிடும்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம். ரேஷன் அட்டை இங்கே, வேலை இங்கே. கல்யாணம் என்றால் மட்டும் குலதெய்வக் கோயிலில்தான் நடக்க வேண்டும். கடன் வாங்கியாவது நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறோம். அதைக் குறை சொல்லவில்லை. நாமும் அப்படிப் போனவர்கள்தான். ஆனால் ஊர்க் கோயிலில் மூன்று முடிச்சுப் போடும்போதே, நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் எந்த நீதிமன்றம் என்பதற்கும் ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. இது பெண்ணைப் பெற்ற எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு வாய்தாவுக்குப் போவதென்றால் ரயிலில் இரண்டு இரவு. வர இரண்டு இரவு. நடுவில் நீதிமன்றத்தில் ஒரு பகல். பெரும்பாலும் அந்தப் பகலில் நடப்பது, அடுத்த வாய்தாவுக்குத் தேதி குறிப்பதுதான். போகாவிட்டால் எதிர்தரப்பு ஆஜராகவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பு. போனால் ஒரு வாரக் கூலி போச்சு, நான்கு வீடுகளில் இரண்டில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். சட்டப் புத்தகத்தில் ஒரு வரிதான். அந்த வரியின் விலையை யார் கட்டுகிறார்கள் பாருங்கள்.

இதைச் சங்கக் கூட்டத்தில் பேசியபோது ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "அமெரிக்காவில் நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே. குடும்ப வழக்கு நீதிபதியைக்கூட! இங்கும் அப்படி வைத்தால் நம் கஷ்டம் தெரிந்தவர் வருவாரல்லவா?" கேள்வியை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. அங்கே நடந்த கதையை விசாரித்துப் பார்த்தோம். நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

அமெரிக்காவின் மத்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் நியமனம்தான். ஆனால் பல மாநிலங்களில் மாநில நீதிபதிகள் தேர்தலில் நின்று வருகிறார்கள். தெற்கே லூசியானா மாநிலம் அப்படிப்பட்டது. மற்ற மாநிலங்களில் கவுண்டி என்பதை அங்கே பாரிஷ் என்பார்கள். அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு ஏழு நீதிபதிகள். அவர்களில் ஐவர் தனித்தனித் தொகுதியிலிருந்து வந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மட்டும் தனித் தொகுதியாக்கவில்லை. சுற்றியுள்ள மூன்று பாரிஷ்களோடு சேர்த்துக் கட்டி, அந்தப் பெரிய தொகுதிக்கு இரண்டு நீதிபதிகள் என்று வைத்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். மற்ற மூன்று பாரிஷ்களில் நான்கில் மூன்று பங்கு வெள்ளையர். மொத்தமாக எண்ணினால் யார் வெல்வார்கள்? கணக்குத் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும். கறுப்பர் எவரும் அங்கிருந்து அந்த மன்றத்துக்கு வந்ததில்லை. யாருடைய ஓட்டையும் யாரும் பிடுங்கவில்லை. வாக்குச்சாவடிக் கதவும் திறந்துதான் இருந்தது. கோடு மட்டும் அப்படி விழுந்திருந்தது!

அதே மாநிலத்தில் 1986இல் இன்னொரு வழக்கு. குடும்ப நீதிபதி, மாவட்ட நீதிபதி, மேல்முறையீட்டு நீதிபதி, இவர்களைப் பெரிய பெரிய பரப்பில் மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் முறையை எதிர்த்த வழக்கு அது. தலைநகர் பாட்டன் ரூஜ் இருக்கும் பாரிஷில் குடும்ப வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. மணவிலக்கு, பிள்ளை யாரிடம் வளர வேண்டும், ஜீவனாம்சம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் தீர்க்கும் நீதிபதிக்கு ஓட்டுப் போடும் எல்லை எது என்பதுதான் அங்கே சண்டை.

மாநில அரசு சொன்ன வாதம் சுவையானது. "1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் மக்கள் பிரதிநிதிகளைப் பற்றியது. நீதிபதி யாருக்கும் பிரதிநிதியல்ல. அவர் சட்டத்தின் ஆள். ஆகவே அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது" என்றார்கள். 1991 ஜூன் 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. தேர்தல் வைத்து நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், அந்தத் தேர்தலிலும் ஒரு சாராரின் வாக்கை நீர்க்கச் செய்யக் கூடாது என்பதே சாரம். பிறகு நியூ ஆர்லியன்ஸிலிருந்து 1994இல் பெர்னெட் ஜான்சன் என்ற கறுப்பினப் பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதோடு முடிந்ததா? இல்லை. 2012இல் தலைமை நீதிபதி பதவி காலியாகும் நிலை வந்தது. மூத்தவருக்குத்தான் அந்த நாற்காலி. சமரச ஏற்பாட்டில் உண்டான தற்காலிக இடத்தில் அவர் இருந்த தொடக்க ஆண்டுகளைப் பணிமூப்பில் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு தகராறைக் கிளப்பினார்கள். அதற்கும் வழக்காடித்தான் 2013இல் அம்மையார் தலைமை நீதிபதியானார். அந்த மாநிலத்தின் முதல் கறுப்பினத் தலைமை நீதிபதி அவர். காகிதத்தில் கோட்டை மாற்றினாலும் மனத்தில் விழுந்த கோடு எளிதில் மாறுவதில்லை போலும்.

(அமெரிக்கக் கறுப்பர் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 1972இல் இதே பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜெ. வி. பவாரும் தோழர்களும் தொடங்கிய தலித் பேந்தர் இயக்கம் பெயரை எடுத்தது அங்கிருந்த கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான். அந்த ஊர்க் கதை இந்த ஊருக்குப் புதிதல்ல.)

ஆகவே இளைஞருக்கு நம் பதில் இதுதான். நீதிபதியைத் தேர்தலில் கொண்டுவருவதில் நமக்கு நம்பிக்கையில்லை. அப்படி வந்தால் தேர்தல் செலவுக்குப் பணம் கொடுத்தவன் நாளை வழக்கோடு வந்து நிற்பான். அது ஒருபுறம். நம் மக்களில் எத்தனை பேருக்கு இங்கே ஓட்டு இருக்கிறது? பாதிப் பேர் ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே உழைக்கிறார்கள். குடிசையை இடித்து வேறு இடத்துக்கு அனுப்பினால் பட்டியலில் பெயர் காணாமல் போகிறது. ஓட்டால் நீதிபதி வருவார் என்றால், ஓட்டில்லாதவரின் வழக்கு என்னாகும்? ஆனால் லூசியானா கற்றுத்தரும் பாடம் வேறு. நீதிபதி எப்படி வருகிறார் என்பதற்கு முன்னால், எல்லைக் கோட்டை யார் போடுகிறார், போடும்போது யாரைக் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியை மும்பையில் கேட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டில் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984இல். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஒவ்வொரு நகரத்திலும் ஒரு குடும்ப நீதிமன்றம் வைக்க வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தின் இசைவோடு மாநில அரசு நீதிபதிகளை நியமிக்கும். எல்லை? அதே பிரிவு சொல்கிறது: உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசு ஓர் அறிவிக்கை போட்டு எல்லையைக் குறிக்கும், எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம். மக்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை.

மும்பையில் 1989இல் குடும்ப நீதிமன்றம் வந்தது. இன்று அது பாந்திரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது. நீதிபதிகள் பலர், கட்டடம் ஒன்று. கொலாபாவிலிருந்து தஹிசர் வரை, முலுண்டிலிருந்து மான்குர்த் வரை எல்லார் வீட்டுச் சண்டையும் அங்கேதான் போக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பெருநகர மும்பையின் மக்கள்தொகை 1 கோடியே 24 லட்சம். பத்து லட்சத்துக்கு ஒன்று என்பது சட்டம் வைத்த அளவில்லைதான். என்றாலும் பன்னிரண்டு மடங்கு பெரிய ஊருக்கும் ஒரே வாசல்தானா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலருக்கு மறந்துபோன செய்தி இது. 1989க்கு முன்னால் ஜீவனாம்ச வழக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் போகும். குர்லா, தாதர், அந்தேரி என்று ஆங்காங்கே மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் உண்டு. குடும்ப நீதிமன்றம் வந்ததும் அந்த அதிகாரம் மாஜிஸ்திரேட்டிடமிருந்து போய்விட்டது. பெண்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாசலை அடைத்துவிட்டு வந்தது! பின்னர் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் ஒரு ஜன்னலைத் திறந்தது. அதன்படி பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடத்தின் மாஜிஸ்திரேட்டிடமே மனுப் போடலாம். வேலை செய்யும் இடத்திலும் போடலாம். பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கோட்டைப் பெண்ணைச் சுற்றிப் போட்டார்கள். மற்றச் சட்டங்களை எழுதியவர்களுக்கு அந்த எண்ணம் ஏன் வரவில்லை?

தேர்தல் தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 மறுவரையறையில் மும்பையின் கோடுகளை மாற்றினார்கள். மக்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போய்விட்டார்கள் என்பதால், நகர மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் 17லிருந்து 10ஆகக் குறைந்தன. புறநகரில் 17ஆக இருந்தவை 26ஆக உயர்ந்தன. அதற்கென்று ஓர் ஆணையம் இருந்தது. வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும், பொது அமர்வு நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கோடு விழுந்த விதம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குச் சயான் கோலிவாடாவே சான்று. 2014, 2019, 2024 என்று மூன்று தேர்தலிலும் அங்கே வென்றவர் தமிழரான கேப்டன் தமிழ்ச்செல்வன். அவர் கட்சியை ஏற்பதோ எதிர்ப்பதோ இங்கே நம் பேச்சல்ல. நம் மக்கள் சேர்ந்து வாழும் பகுதி ஒரே கோட்டுக்குள் இருந்தால் எண்ணிக்கைக்கு மதிப்பு வருகிறது என்பதே செய்தி.

ஓட்டுக்கு மக்களைப் பின்தொடர்ந்து கோடு போகிறது. நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அதுதான் நம் புகார்.

நம் மக்கள் நின்ற இடத்தில் நிற்கவிடப்பட்டவர்களா? 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியை இடித்து அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள். தமிழர்கள் அங்கே ஏராளம். வீடு மாறியது, பள்ளி மாறியது, பிழைப்பு மாறியது. இன்று தாராவி முழுவதையும் புதிதாகக் கட்டும் திட்டம் வந்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் வந்ததற்குக் காகிதம் காட்ட முடியாதவர் தாராவிக்கு வெளியே போக வேண்டியவர். போகிற குடும்பத்துக்கு வாக்குச்சாவடி மாறும். ரேஷன் கடை மாறும். பாதி நடந்து கொண்டிருக்கும் வழக்கு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். தாராவிக்காரருக்குப் பாந்திரா நடந்து போகிற தூரம். சீத்தா கேம்ப்பிலிருந்து ஒரு தாய் வர வேண்டுமானால் பஸ், ஹார்பர் ரயில், மறுபடி ஆட்டோ. அவர் கதையைத் தாராவிக்காரரும் நாளை சொல்ல நேரும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாணயமாகாது. நம் சங்கத்தில் கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார்: "என் பெண்டாட்டி ஊரில் இருந்துகொண்டு அங்கே வழக்குப் போட்டால் நான் மட்டும் கூலியை விட்டுவிட்டு ஓட வேண்டுமா?" ஓட வேண்டியிருக்கிறது, உண்மைதான். அவர் கஷ்டம் பொய்யல்ல. ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர் யாரோ அவர் பக்கத்தில் நீதிமன்றம் இருப்பதே நியாயம் என்று நாம் கருதுகிறோம். கொத்தனார்த் தம்பி சாட்சி சொல்லும் நாள் தவிர மற்ற வாய்தாக்களில் இங்கிருந்தே காணொளி வழியாக ஆஜராகட்டும். பெண்ணுக்கும் அதே வசதி வேண்டும். ஆனால் வசதி என்ற பெயரில் கட்டாயம் கூடாது. ஒற்றை அறை வீட்டில் மாமியார் காதுபட, கைப்பேசியைப் பார்த்து எந்தப் பெண் தன் துயரத்தைச் சொல்ல முடியும்?

மொழி இன்னொரு கோடு. நம் மூத்த பெண்மணிகள் பாந்திராவில் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைக்கிறார்கள். இளைய பெண்கள் ஊரிலிருந்து வரும் தமிழ்க் காகிதத்தைப் படிக்க முடியாமல் நிற்கிறார்கள். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல, நீதிபதி அனுமதித்தால்தான் என்கிறது 13ஆம் பிரிவு. ஏழை எளிதாகப் பேசட்டும் என்று நல்ல எண்ணத்தில் எழுதியது. எந்த மொழியில் பேசுவது என்பதை எழுத மறந்துவிட்டார்கள். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகநல அமைப்புகளைக் குடும்ப நீதிமன்றத்தோடு இணைத்துக்கொள்ள வழி செய்கிறது. நம் சங்கம் போன்றவை அதற்கு மனுச் செய்ய வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நாம் அதைச் செய்யாதது நம் குற்றமே. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுவதில் காட்டிய சுறுசுறுப்பில் பாதியை இதில் காட்டியிருக்கலாம்.

மாநில அரசிடம் நாம் கேட்பது அதிகமில்லை. கிழக்குப் புறநகருக்கும் மேற்குப் புறநகருக்கும் தனித்தனிக் குடும்ப நீதிமன்றம் வேண்டும். எல்லையை வரையும் முன் வரைவை வெளியிட்டு, மராத்தி, இந்தி, தமிழ் எதில் வந்தாலும் ஆட்சேபத்தை வாங்கிக் கேட்க வேண்டும். தொகுதிக்குச் செய்வதை நீதிமன்றத்துக்கும் செய்வதில் என்ன தடை? மத்திய அரசிடம் கேட்பது ஒன்று: 19ஆம் பிரிவைத் திருத்தி, கணவன் தொடுக்கும் வழக்கும் மனைவி வசிக்கும் ஊரிலேயே நடக்க வேண்டும் என்று எழுதட்டும்.

சட்டம் திருந்தும் வரை அந்தச் சகோதரி என்ன செய்வார்? வேறு மாநிலத்தில் நடக்கும் வழக்கை இங்கே மாற்றக் கேட்டு டெல்லி உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பெண்ணின் வசதியைப் பார்த்து மாற்றித் தருவதே அங்கே பெரும்பாலும் வழக்கம். டெல்லி என்றதும் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்ணுக்கு வருமானம் எவ்வளவென்று கேளாமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்கும் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. ஊர் நீதிமன்றத்துக்கும் இப்போதே ஒரு வக்கீல் மூலம் பதில் போய்விட வேண்டும். சும்மா இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். அவருக்காக இரண்டு காகிதங்களையும் எழுதி அனுப்பிவிட்டோம்.

இதேபோல் ஊரிலிருந்து சம்மன் வந்து பெட்டியில் மடித்து வைத்திருப்பவர்கள் நம் பகுதிகளில் இன்னும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் அலுவலகம் திறந்திருக்கும். சம்மன், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இந்த ஊரில் வசிப்பதற்கான ஏதாவது ஒரு அத்தாட்சி, இவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். புதிய நீதிமன்றங்கள் கேட்டு அரசுக்கு அனுப்பும் மனுவும் அங்கேயே மேசை மேல் இருக்கிறது. சீத்தா கேம்ப், மான்குர்த் பகுதித் தோழர்கள் தங்கள் பக்கக் கையெழுத்துத் தாள்களை மாதக் கடைசிக்குள் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறோம்.